‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கும் தம்பி

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். தம்பி பட்டாளத்தில் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது, மூன்று மாதமாக ஜம்மு காஷ்மீரில் பூஞ்ச் பக்கம் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இருக்கிறான், அங்கே தினமும் என்ன நடக்கும், தீவிரவாதிகளோடு தினமும் சண்டை இருக்குமா, போரைப் பற்றி அவர்கள் மனதுக்குள் என்னதான் நினைப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: போன் பண்ணினால் ‘சாப்பிட்டேன், நல்லாத்தான் இருக்கேன்’ என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வருவதில்லை என்று. எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வி, மற்ற மூன்றும் அதைச் சுற்றி வருகிறவை என்று தோன்றுகிறது. அவன் எதையோ மறைக்கிறான் என்று நினைக்கிறீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முக்கால்வாசி நாள் அவனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது, அதனால்தான் சொல்வதில்லை. மீதிக் கால்வாசிதான் நீங்கள் பயப்படுகிற ரகம். இரண்டையும் பற்றி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் 2001-ல் சேர்ந்து 17 வருஷம் இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவன். வெலிங்டனில் பயிற்சி, மதராஸ் ரெஜிமென்ட். நடுவில் இரண்டரை வருஷம் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ், அதுவும் பீர் பஞ்சால் மலைக்குத் தெற்கே, உங்கள் தம்பி இருக்கிற அதே பூஞ்ச், ரஜௌரி பக்கம்தான். அப்புறம் சில வருஷம் கழித்து என் சொந்தப் பட்டாலியனோடு இந்தியா-பாகிஸ்தான் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் ஒருமுறை. நான் அதிகாரி இல்லை. மேலே என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதெல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது ‘இன்றைக்கு ராத்திரி 11 மணிக்குக் கிளம்பணும், பார்ட்டி ரெடியா இருக்கட்டும்’ என்ற அளவில்தான். நான் வெளியே வந்தபிறகு ட்ரோன், நைட் விஷன் என்று நிறைய மாறியிருக்கிறது. ஆகவே ஆயுதம், தொழில்நுட்பம் பற்றி நான் சொல்வதைப் பழைய கதையாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மனுஷன் மாறியிருக்க மாட்டான் என்று நம்பி மற்றதை எழுதுகிறேன். போஸ்ட் பெயர், யூனிட் எண் எதுவும் சொல்ல மாட்டேன், பழக்கம் விடவில்லை.

ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் 1990-ல் தீவிரவாத எதிர்ப்பு வேலைக்கென்றே தொடங்கப்பட்ட படை. ‘ஆர்.ஆர்.’ என்றுதான் சொல்வோம். அதற்கென்று நேரடியாக ஆள் எடுப்பதில்லை, மற்ற ரெஜிமென்ட்களிலிருந்து இரண்டு, இரண்டரை வருஷத்துக்கு அனுப்புவார்கள், முடிந்ததும் திரும்பிப் போய்விடுவோம். பாதிப் பேர் காலாட்படை, மீதிப் பேர் சிக்னல்ஸ், சப்ளை என்று மற்றப் பிரிவுகளிலிருந்து வருவார்கள். அதனால் நம் ஊர்க்காரப் பட்டாலியன் என்று பெயர் இருந்தாலும் உள்ளே ஹரியானாக்காரனும் ஒடிசாக்காரனும் இருப்பான். வந்தவுடன் யாரையும் மலை மேல் ஏற்றிவிடுவதில்லை. கோர் பேட்டில் ஸ்கூல் என்று ஒன்று உண்டு, அங்கே சில வாரம் போட்டு வாங்குவார்கள்: கண்ணிவெடி எப்படி இருக்கும், ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது, பதுங்கியிருக்கும்போது எப்படி இருமாமல் இருப்பது, எல்லாம். உங்கள் தம்பியும் அதைத் தாண்டித்தான் போயிருப்பான், அதனால் ஒன்றும் தெரியாமல் போய் நிற்கிறான் என்ற பயம் மட்டும் வேண்டாம்.

இப்போது தினசரி வேலை. ஒரு கம்பெனி பேஸ் என்பது ஒரு மேட்டின் மேல் தகர ஷெட்கள், மணல் மூட்டை அடுக்கிய பங்கர்கள், சுற்றி முள்கம்பிச் சுருள், கம்பியில் காலி டப்பாக்களும் பாட்டில்களும் கட்டித் தொங்கவிட்டிருக்கும், யாராவது கம்பியைத் தொட்டால் சத்தம் வரும். காற்றடித்தாலும் வரும். முதல் வாரம் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன், மூன்றாவது வாரம் சத்தம் நின்றால்தான் முழிப்பு வந்தது. விடிவதற்கு முன்னால் ‘ஸ்டாண்ட் டு’, அதாவது எல்லோரும் ஆயுதத்தோடு அவரவர் மோர்ச்சாவில், அதாவது காவல் குழியில், நிற்க வேண்டும், வெளிச்சம் நன்றாக வரும்வரை. பொழுது சாயும்போதும் அதேதான். தாக்குகிறவன் அந்த அரை வெளிச்சத்தில்தான் வருவான் என்பது ரொம்பப் பழைய பாடம்.

அப்புறம் ரோடு ஓப்பனிங். வண்டிகள் போக ஆரம்பிப்பதற்கு முன்னால் ரோட்டின் இரண்டு பக்கமும் நடந்தே போய், ரோட்டுக்கு அடியில் இருக்கிற சின்னப் பாலமான கல்வெர்ட்டுக்குள் எட்டிப் பார்த்து, நேற்று இல்லாத மண்குவியல் இன்று இருக்கிறதா, ஒயர் ஏதாவது தெரிகிறதா, யாரோ விட்டுப்போன டிபன் பாக்ஸா குக்கரா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ரோட்டைத் திறந்துவிட வேண்டும். திறந்துவிட்டபிறகு உயரமான இடங்களில் சாயங்காலம்வரை நிற்க வேண்டும். மோப்ப நாய் இருந்தால் அது முன்னே போகும், இல்லாவிட்டால் நம் கண்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், வேலையைச் சரியாகச் செய்தால் அன்றைக்கு ஒன்றுமே நடக்காது. 200 நாள் அதே 3 கிலோமீட்டரை நடந்து, 200 நாளும் ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்திருக்கிறேன். 201-வது நாளும் முதல் நாள் மாதிரியே பார்க்கவேண்டும், அதுதான் கஷ்டம். மலையேறுவதோ, குளிரோ, பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கிற புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட்டும் நெற்றியில் அழுத்துகிற பட்கா என்ற இரும்புத் தலைக்கவசமும் அதற்கு முன்னால் பெரிய விஷயமே இல்லை. உடம்பு ஒரு மாதத்தில் பழகிவிடும். கண் சலித்துப்போவதைத்தான் தடுக்க முடியாது. எங்கள் கம்பெனியின் மூத்த ஹவில்தாரான சி.எச்.எம். தினமும் ‘புதுசா கல்யாணமான பொண்டாட்டியைப் பாக்கிற மாதிரி ரோட்டைப் பாருங்கடா’ என்பார். கல்யாணமான எங்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

மற்ற நேரம் எல்லாம் வீட்டு வேலைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தூக்குவது, பங்கர் சரிந்தால் மூட்டை அடுக்குவது, ஆயுதம் துடைப்பது, லங்கரில், அதாவது சமையற்கூடத்தில், வெங்காயம் உரிப்பது, இரண்டு மணி நேரம் சென்ட்ரி எனும் காவல், நாலு மணி நேரம் தூக்கம், திரும்ப இரண்டு மணி நேரம் சென்ட்ரி. ராத்திரிக்கான பாஸ்வேர்டு தினமும் மாறும், அரைத்தூக்கத்தில் அதை மறந்துவிட்டு ஒன்றுக்குப் போய்த் திரும்பி வரும்போது ‘தம்! கௌன் ஆத்தா ஹை?’ (நில், யார் வருவது?) என்று சொந்தப் பயலே துப்பாக்கியை நீட்டுவான். பனிக்காலத்தில் புகாரி என்கிற மண்ணெண்ணெய்க் கணப்பு எரியும் அறையில் எட்டுப் பேர். ஜன்னலைத் திறந்து வைக்காமல் தூங்கக்கூடாது என்பது கட்டளை, ஏனென்றால் அந்தப் புகை வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். ஆனால் திறந்தால் பனி உள்ளே வரும், அந்த ஜன்னலுக்காக நாங்கள் போட்ட சண்டை தீவிரவாதிகளோடு போட்டதைவிட அதிகம். ஞாயிற்றுக்கிழமை மந்திர் பரேட், எப்போதாவது பரா கானா, அன்றைக்கு அதிகாரியும் சிப்பாயும் சேர்ந்து சாப்பிடுவது. சாம்பாருக்குப் புளி தீர்ந்துபோன ஒரு வாரம் இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். எங்கள் போஸ்டில் ஒரு கறுப்பு நாய் தானாக வந்து ஒட்டிக்கொண்டது, கருப்பன் என்று பெயர் வைத்தோம். ஹரியானாக்காரன் அதை ‘கர்ப்பன், கர்ப்பன்’ என்று கூப்பிடுவான், அதற்கும் வரும். சென்ட்ரிக்கு முன்னால் அதற்குத்தான் எல்லாம் தெரியும், அதனால் ரேஷனில் அதற்கு மறைமுகமாக ஒரு பங்கு உண்டு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்: தினமும் சண்டை கிடையாது. எனக்குத் தெரிந்து இரண்டரை வருஷத்தில் ஒரு குண்டுகூடச் சுடாமல் திரும்பியவர்கள் இருக்கிறார்கள், வந்த இரண்டாவது வாரமே அடிபட்டவர்களும் இருக்கிறார்கள். எத்தனைக்கு எத்தனை என்று கணக்குச் சொல்லி உங்களை ஆறுதல்படுத்த எனக்கு விருப்பமில்லை, எந்த இடம், எந்த மாதம் என்பதைப் பொறுத்தது அது. ஒன்று மட்டும் உறுதி, கோடைதான் வேலை அதிகம். பனி உருகிக் கணவாய்கள் திறந்ததிலிருந்து திரும்ப மூடும்வரை ஊடுருவல் காலம். எல்லை வேலியையும் ஒவ்வொரு குளிர்காலத்துக்குப் பிறகும் பனி சாய்த்துப் போட்டிருக்கும், சரிசெய்ய வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கும், அந்த வயலோரம் நடக்கும்போது யாரும் பேச மாட்டோம்.

பயம் இருந்ததா என்றால் இருந்தது, ஆனால் நீங்கள் நினைக்கிற பயம் இல்லை. ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். ஒரு நாலாவுக்கு (மலை ஓடைக்கு) மேலே ஆம்புஷ், மூன்றாவது ராத்திரி. ஆம்புஷ் என்றால் சினிமாவில் வருகிற மாதிரி இல்லை, ஈரப் புல்லில் குப்புறப் படுத்து அசையாமல் கிடப்பது, அவ்வளவுதான். இருமக்கூடாது, பீடி கூடாது, கொசு கடித்தால் கடிக்கட்டும். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கீழே கல் உருண்டது. ஒரு உருவம், தோளில் நீளமாக ஏதோ. என் பக்கத்தில் படுத்திருந்தவன் என் முழங்கையைத் தொட்டான், அவனும் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். ஏ.கே.-யின் லாக்கை இறக்கியாயிற்று. கமாண்டர் சுடும்வரை யாரும் சுடக்கூடாது என்பது விதி. உருவம் இன்னும் கொஞ்சம் ஏறி வந்தது, நின்றது, அப்புறம் நாக்கால் ‘க்ளக் க்ளக்’ என்று ஒரு சத்தம் போட்டது. குதிரையைக் கூப்பிடுகிற சத்தம். ஆடு, குதிரை மேய்க்கிற பகர்வால் இனத்துக் கிழவர் ஒருவர். தோளில் இருந்தது தடி. ராத்திரியில் கயிற்றை அறுத்துக்கொண்டு போன குதிரையைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், எங்கள் கமாண்டர் நாயிப் சுபேதார் சாப் எழுந்து போய் அவரைத் திட்டினார், திட்டி முடித்ததும் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். எனக்கு அன்றைக்குத்தான் கை நடுங்கியது. அதற்கு முன்னாலும் பின்னாலும் நிஜமாகவே துப்பாக்கிச்சூடு நடந்த இடத்தில் இருந்திருக்கிறேன், அப்போதெல்லாம் நடுங்கவில்லை. குதிரை மட்டும் அவருக்கு மறுநாள் கிடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இதை என் மனைவியிடம் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆனது. சொன்னபோது அவள் ‘ஒண்ணும் ஆகலையே, அப்புறம் என்ன?’ என்றாள். அவள் கேட்டதும் சரிதான். ஒன்றும் ஆகாத ஒரு விஷயத்தை எப்படிப் போனில் சொல்வது?

அந்தப் பக்கம் பகர்வால்கள், குஜ்ஜர்கள் அதிகம். கோடையில் ஆடு, குதிரையோடு மேலே புல்வெளிக்கு ஏறுவார்கள், அங்கே கல்லும் மரமும் வைத்துக் கட்டிய குடிசைக்கு டோக் என்று பெயர். பனி விழும்போது ஆள் இல்லாத அந்த டோக்களில்தான் வெளியாட்கள் வந்து தங்குவதும் உண்டு. 2003-ல் சுரன்கோட் பக்கம் ஹில் காக்காவில் நடந்த ஆபரேஷன் சர்ப் விநாஷ் அப்படிப் பதுங்கியிருந்தவர்களை விரட்டத்தான். ஒரு டோக்கில் புகை வந்தால் அது குடும்பமா, வேறு யாராவதா என்று கீழிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. தீவிரவாதி யார் என்ற கேள்விக்கு மேசையில் உட்கார்ந்து பதில் சொல்வது வேறு. அதிலேயே உலகம் ஒத்துப்போகவில்லை, சர்வதேச பயங்கரவாதத்துக்கு எதிராக முழுமையான ஒரு ஒப்பந்தம் வேண்டும் என்று 1996-ல் இந்தியா ஐ.நா.-வில் வரைவு கொடுத்தது, வரையறையில் சண்டை போட்டே அது இன்னும் நிறைவேறவில்லை. எனக்குத் தெரிந்த வரையறை சின்னது: ஆயுதம் இல்லாத ஆளை, ஆயுதம் இல்லை என்று தெரிந்தே, மற்றவர்கள் பயப்படட்டும் என்று கொல்கிறவன். ரஜௌரி பக்கம் டாங்ரி கிராமத்தில் 2023 புத்தாண்டு அன்று வீடு வீடாகப் போய்ச் சுட்டார்கள், அடுத்த நாள் காலையில் வைத்துவிட்டுப் போன குண்டு வெடித்தது. இரண்டிலும் சேர்த்து ஏழு பேர் போனார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அதற்கு எந்த நியாயமும் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். இது உறுதியாகச் சொல்லக்கூடியது. உறுதியாகச் சொல்ல முடியாதது, ஒரு உள்ளூர்ப் பையன் ஏன் அந்தப் பக்கம் போகிறான் என்பது. காசு என்பார்கள், மதம் என்பார்கள், போலீஸ் அடித்த கோபம், பக்கத்து வீட்டுக்காரனோடு நிலத்தகராறு, துப்பாக்கி தூக்கினால் ஊரில் மரியாதை, இப்படிப் பல காரணம் கேட்டிருக்கிறேன், சொன்னவர் ஒவ்வொருவரும் தன் காரணம் ஒன்றுதான் உண்மை என்றார்.

ஒருமுறை சண்டை முடிந்தபிறகு செத்துக் கிடந்த தீவிரவாதி ஒருவனைப் பக்கத்தில் பார்த்தேன். இருபது வயதுக்குள் இருக்கும். பையில் பாதாம், பேரீச்சம்பழம், வலி மாத்திரைப் பட்டை, ஒரு சீப்பு. காலில் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டிருந்தான், ஒன்றில் பெருவிரல் பக்கம் கிழிந்து தைத்திருந்தது, சின்னச் சின்னத் தையலாக, அழகாக. யார் தைத்தார்கள் என்று ஒரு நிமிஷம் ஓடியது. இதைக் கேட்டதும் நான் இரக்கப்பட்டேன் என்று நினைக்காதீர்கள், அவன் கையில் இருந்ததும் ஏ.கே.-தான், முந்தின ராத்திரி எங்கள் ஆள் ஒருவனின் தொடையைத் துளைத்ததும் அவன்தான். அந்த நேரத்தில் உண்மையாக நான் என்ன உணர்ந்தேன் என்றால், பசி. ராத்திரி முழுக்கக் கார்டனில், அதாவது இடத்தைச் சுற்றி வளைத்த காவலில், நின்றிருந்தோம், பூரி வந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள், என் மனது முழுக்க அந்தப் பூரியில் இருந்தது. அதற்காக அப்புறம் பல வருஷம் என்னை நானே ஒருமாதிரி பார்த்துக்கொண்டேன். இப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அன்றைக்கு உடம்பு தான் உயிரோடு இருப்பதைக் கொண்டாடியிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் சுபேதார் சாப் ஒருவர் 1987-ல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். பேச்சு அந்தப் பக்கம் போனால் எழுந்து போய்விடுவார். ஒரு பனி ராத்திரியில் மட்டும் அவராகவே சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டைச் சோதனை போடப் போயிருக்கிறார்கள், அரிசிப் பானையெல்லாம் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள், ஒரு கிழவி வாசலில் உட்கார்ந்து வைது தீர்த்திருக்கிறாள். ‘கூட வந்தவனுக்கெல்லாம் அது வெறும் சத்தம்டா. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. என் பாட்டி திட்டுற மாதிரியே திட்டினா’ என்றார். அப்புறம் எங்களைப் பார்த்து, ‘இங்க உங்களுக்குப் புரியல, அதனாலதான் தூக்கம் வருது’ என்றார். நான் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து மொழியான பஹாடியில் கொஞ்சம் வார்த்தைகள் கற்றுக்கொண்டேன். நல்ல எண்ணம் என்று மட்டும் சொல்ல மாட்டேன், மொழி தெரிந்தால் வேலை சுலபம், சோதனைக்குப் போன வீட்டில் பெரியவருக்கு முதலில் சலாம் சொல்லிவிட்டு, பெண்கள் வெளியே வரட்டும், சாமான் எதுவும் உடையாது என்று அவர் மொழியிலேயே நாலு வார்த்தை சொன்னால் பாதி இறுக்கம் குறைந்துவிடும். ராணுவத் தளபதியின் பத்துக் கட்டளைகள் என்று எங்களுக்கு மனப்பாடம் செய்யக் கொடுப்பார்கள், முதல் கட்டளையே எதிரே இருப்பவர்கள் உன் நாட்டு மக்கள் என்பதை மறக்காதே என்பதுதான். ஆனால் அந்த மக்களுக்கு எங்களைப் பிடிக்குமா? சில வீட்டில் டீ கொடுத்திருக்கிறார்கள், அது பாசமா, பயமா, வெறும் வழக்கமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. துப்பாக்கியோடு வாசலில் நிற்கிறவனுக்கு அது தெரியவே வராது என்பது என் முடிவு.

ஆபத்தான நேரம் எது என்று கேட்டால் நான் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் நேரத்தைச் சொல்ல மாட்டேன். கூட இருந்தவன் ஒருவன் போனபிறகு வருகிற அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து. அவன் கட்டில் காலியாக இருக்கும், டிரங்குப் பெட்டியைப் பட்டியல் போட்டு மூடி வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அந்த நேரத்தில் யாரைப் பார்த்தாலும் எல்லாம் இவனுக்குத் தெரியும் என்றே தோன்றும். 2023 டிசம்பர் 21-ம் தேதி தேரா கி கலி, பஃப்லியாஸ் பக்கம் ராணுவ வண்டிகள் மேல் தாக்குதல் நடந்து நாலு வீரர்கள் இறந்தார்கள். அதற்கடுத்து விசாரணைக்கென்று ராணுவம் கூட்டிக்கொண்டு போன டோபா பீர் கிராமத்துக்காரர்கள் மூன்று பேர் பிணமாகத் திரும்பினார்கள். ராணுவமே விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த ரோட்டில் நான் நடந்திருக்கிறேன். செய்தியைப் படித்ததும் எனக்கு ஆச்சரியம் வரவில்லை, வயிறுதான் பிசைந்தது, ஏனென்றால் அந்தக் கோபம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் ஒருமுறை அப்படி ஒரு நாளில், எங்கள் கம்பெனி கமாண்டர் எல்லோரையும் இரண்டு நாள் பேஸை விட்டு வெளியே விடவில்லை, மணல் மூட்டை அடுக்க வைத்தார். தேவையே இல்லாத மூட்டை. பின்னால் கெட்ட வார்த்தையில் அவரைத் திட்டினோம். இன்றைக்கு யோசித்தால் அந்த மனுஷன் எங்களில் யாரையோ ஜெயிலிலிருந்து காப்பாற்றியிருக்கிறார், ஊரில் யாரையோ சாவிலிருந்தும்.

போரைப் பற்றி என்ன நினைப்போம்? பெரும்பாலும் நினைப்பதில்லை. லீவைப் பற்றி நினைப்போம். வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு லீவு, அது எப்போது கிடைக்கும், ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்குமா, மூன்று ராத்திரி ரயிலில் போனால் கையில் எத்தனை நாள் மிஞ்சும். எல்லைக் கோட்டில் இருந்தபோது எதிர்ப் பக்கத்து போஸ்டில் துணி காயப் போடுவது தெரியும். அவனும் நம்மை மாதிரிதானே என்றெல்லாம் உருகவில்லை, பனியன் காய்கிறது, ஆகவே அவன் இன்றைக்குச் சுட மாட்டான் என்று கணக்குப் போட்டோம். 2003 நவம்பரில் சண்டை நிறுத்தம் வந்தது, சில வருஷம் பரவாயில்லாமல் இருந்தது, பிறகு மெல்லக் கெட்டது, 2021 பிப்ரவரியில் திரும்பவும் கடைப்பிடிப்பதாக இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேரைக் கொன்றபிறகு, மே 7-ல் இந்தியா தாக்கியதும் எதிர்ப்பக்கம் பூஞ்ச் நகரத்தின் மேலேயே ஷெல் அடித்தார்கள், பொதுமக்கள் பலர் செத்தார்கள். அந்த நாலு ராத்திரியும் நான் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். இங்கே ஸ்டுடியோவில் ஒருவர் மேப்பில் கோடு கிழித்து ‘இன்னும் உள்ளே போகணும்’ என்று கத்திக்கொண்டிருந்தார், நான் அந்த மேப்பில் எங்கள் பையன்களுக்கு முடிவெட்ட வருகிறவரின் வீடு எந்தத் தெரு என்று தேடிக்கொண்டிருந்தேன். பஹல்காமுக்குப் பதில் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, கொடுக்காமல் இருந்திருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். ஆனால் மே 10-ம் தேதி நிறுத்தியதும் இங்கே நிறையப் பேர் ஏமாந்துபோனதாகப் பேசினார்களே, எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

சரி, தம்பிக்கு வருவோம். அவன் பேசாததற்கு முதல் காரணம் விதி. எங்கே இருக்கிறான், எப்போது வெளியே போகிறான், எத்தனை பேர் என்பதைப் போனில் சொல்லக்கூடாது. போன் விஷயத்தில் இப்போது கெடுபிடி அதிகம், 2020-ல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்பட 89 ஆப்களை நீக்கச் சொன்னார்கள். ஆகவே ‘எங்கடா இருக்க, நேத்து ஏன் எடுக்கல’ என்று கேட்காதீர்கள், அவன் பொய் சொல்லவேண்டி வரும், பொய் சொன்னபின் பேச்சு ஓடாது. இரண்டாவது, அவன் தனியாக இல்லை. சிக்னல் கிடைக்கிற ஒரு மூலையில் நாலு பேர் நின்று நாலு மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள், அங்கே நின்று யார் மனசைத் திறப்பது? மூன்றாவதுதான் மேலே சொன்னேனே, நடந்தது ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லையில் எவ்வளவு இருந்தது என்று அவனுக்கே இன்னும் தெரியாது. இரண்டு நாள், மூன்று நாள் போன் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஆம்புஷிலோ டவர் கிடைக்காத இடத்திலோ இருப்பான். ஏதாவது ஆகியிருந்தால் யூனிட்டிலிருந்து உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. நான் மருத்துவன் இல்லை, கூட இருந்தவர்களைப் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். மலையில் ஒருவனை உடைப்பது துப்பாக்கிச்சூட்டைவிட ஊரிலிருந்து வருகிற செய்திதான்: நிலத்தகராறு, கடன், அம்மாவுக்கும் மருமகளுக்கும் சண்டை, அதை அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாத நிலை. அதற்காக எல்லாவற்றையும் அவனிடம் மறைக்கவும் வேண்டாம், பிறகு தெரிந்தால் அப்புறம் நீங்கள் சொல்கிற எதையும் நம்ப மாட்டான். சொல்லுங்கள், கூடவே யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். லீவில் வரும்போது முதல் பத்து நாள் சத்தத்துக்குத் திடுக்கிடுவான், ராத்திரி நடுவில் எழுந்து கதவைப் பார்ப்பான், பஸ்ஸில் வழியோரம் யாராவது பையை விட்டுப் போனால் முகம் மாறும், அது போய்விடும். போகாமல் மாதக்கணக்கில் இருந்தால், குடி கூடினால், எதற்கெடுத்தாலும் ‘என்ன இருந்து என்ன’ என்று பேசினால், ராணுவ மருத்துவமனையிலேயே மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள், கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் காலத்தில் அங்கே போனால் மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) இறங்கிவிடும், புரமோஷன் போய்விடும் என்று பயந்து போகாமலே இருந்தோம். நான் போயிருக்க வேண்டும், போகவில்லை. அவனுக்கும் அந்தப் பயம் இருக்கலாம், புரமோஷன் கொஞ்சம் தள்ளிப்போனால் போகட்டும் என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், அது அக்கா நீங்கள் சொன்னால் எடுபடும்.

போனில் என்ன பேசுவது என்றுதானே? லங்கரில் இன்றைக்கு யார் டியூட்டி, சாம்பார் எப்படி இருந்தது, ஜன்னல் பக்கத்துக் கட்டில் யாருக்குக் கிடைத்தது, இப்படிக் கேளுங்கள். அப்புறம் அவன் போஸ்டில் கண்டிப்பாக ஒரு நாய் இருக்கும், அதன் பெயர் என்ன, யார் வைத்தது என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிஷம் பேசுவான்.